ஒன்பதாவது சந்தாதாரர்

ஆகஸ்ட் 6, புதன்

கூட்டம் நாலரை மணி நேரம். காபி மூன்று தடவை வந்தது, முடிவு ஒரு தடவைகூட வரவில்லை.

பின்னால் புரட்டும்போது எனக்கே விளங்க வேண்டும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். நாங்கள் ஐந்து பேர். ஸ்பின்னிங் மில் ரங்கராஜ் அண்ணன், டாக்டர் சுகவனம், அவரவர் சொல்வதற்குத் தலையாட்டும் ஆளுக்கொரு நண்பர், பிறகு பம்புசெட் ஃபவுண்டரி நடத்தும் நான். பணத்தைச் சேர்த்துப் போட்டு, சிறுவயதுக்காரர்கள் தொடங்கும் கம்பெனிகளில் முதலீடு செய்கிறோம். அதில் ஒன்று நித்திலாவின் 'வந்தாச்சு' ஆப். தோட்டத்து மோட்டார் ஓட த்ரீ பேஸ் கரண்ட் வேண்டும். அது வரும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் பார்க்கிற விவசாயி ஆப்பில் 'வந்தாச்சு' என்ற பொத்தானை அமுக்குவார். அதே டிரான்ஸ்பார்மரில் பதிவு செய்திருக்கும் எல்லோர் போனிலும் மணி அடித்து, அமுக்கியவர் பெயரும் வரும். அவ்வளவுதான் ஆப். அறுபத்திரண்டாயிரம் பேர் வைத்திருக்கிறார்கள். முழுக்க இலவசம்.

அந்த இலவசத்தில்தான் சண்டை. நித்திலா கையில் இருக்கும் பணம் அக்டோபரோடு தீருகிறது. நாங்கள் இரண்டாவது தவணை போட்டால் கம்பெனி ஓடும், இல்லையென்றால் மூட வேண்டியதுதான். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். 

"கரண்டே ஓசிங்க. அது வர்ற நேரத்தச் சொல்றதுக்கு எவன் காசு குடுப்பான்?" என்றார் ரங்கராஜ் அண்ணன். "ஓசில குடுத்தா பினாயிலக்கூட குடிக்கற ஊருங்க இது. அறுபதாயிரம் பேருன்னு பெருமப்படாதீங்க. நாளைக்கு நாப்பத்தொம்பது ரூபான்னு சொல்லிப் பாருங்க, அறுபது பேரு நிக்க மாட்டான்."

டாக்டர் விடவில்லை. "பழகிட்டா விட முடியாதுங்க அண்ணா. மொதல்ல பழக்கணும், அப்புறம் கேக்கணும். டி.வி. கேபிளுக்கு நம்ம சனம் குடுக்கலையா?"

இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆள் நான். நான் சொன்னேன்: "ஒருத்தரை எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா ஒரு நாள் விடாம அந்த ஆப்பைப் பயன்படுத்தறார். அப்படிப்பட்ட ஆளு கட்டாயம் கட்டுவார்."

"யாருங்க மேடம் அது?" என்று கேட்டார் ரங்கராஜ் அண்ணன். தெரிந்த விவசாயி என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை 6.50. வந்தாச்சு – நாச்சிமுத்து.

முதலீடு செய்யுமுன் ஆப் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நானும் அதில் பதிவு செய்துகொண்டேன். பதிவு செய்ய ஏதாவது ஒரு டிரான்ஸ்பார்மரைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது நெட்டாம்பாளையம்தான், நான் பிறந்த ஊர். அங்கே பதிவானவர்கள் பெயரெல்லாம் வரிசையாகத் தெரியும், அதில் என் பெயரும் இருக்கும். எனக்கு அங்கே ஒரு சென்ட் தோட்டம்கூட இப்போது இல்லை. பெயரை எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பதுண்டு, வேலை மும்முரத்தில் மறந்துபோகிறது.

நாச்சிமுத்து என் தம்பி.

ஃபவுண்டரியில் இன்று முப்பத்தாறு வார்ப்புகளில் ஒன்பது ஓட்டை. மணலில் ஈரம் அதிகம் என்று மேஸ்திரி ஆரோக்கியத்திடம் சத்தம் போட்டேன். இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நித்திலா வீட்டுக்கு வந்தாள். முப்பத்தொரு வயது, கண்ணுக்குக் கீழே கருவளையம், வந்ததும் தண்ணீர் கேட்டாள். கூட்டத்துக்குப் பிறகு நான் சொன்ன யோசனையை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்: ஒரு பகுதியில் மட்டும் செப்டம்பர் முழுக்கக் கட்டணம் வைத்துப் பார்ப்பது. கட்டாதவர்களுக்கு ஆப் திறக்காது. நூற்றுக்கு நான்கு பேர் கட்டினால் இரண்டாவது தவணை உண்டு, அதற்குக் குறைந்தால் இல்லை. நான்கு என்ற கோட்டைப் போட்டதும் நான்தான். கோடு போடாவிட்டால் இவர்கள் கிறிஸ்துமஸ் வரைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்று ரங்கராஜ் அண்ணன் சொல்லிவிட்டார். எந்தச் சோற்றை எடுப்பது என்பதுதான் பாக்கி. நெட்டாம்பாளையமும் சுற்றியுள்ள மூன்று ஊர்களும் என்றேன். 214 பேர்.

"ஏன் மேடம் அந்த ஊரு?" என்றாள் நித்திலா.

"போய் வரப் பக்கம்."

"போயெல்லாம் வர வேண்டியதில்லையே மேடம். எல்லாம் போன்லயே தெரியும்."

தெரியட்டும் என்று சொல்லி, முருங்கைக்காய் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

7.05. வந்தாச்சு – நாச்சிமுத்து.

நாற்பத்தொன்பது ரூபாய் கட்ட முடியாத ஆளா அவன்? ஆறு ஏக்கர் வாழை வைத்திருக்கிறான். கட்டுவான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

7.20. வந்தாச்சு – நாச்சிமுத்து. வழக்கத்துக்கு இருபது நிமிடம் தாமதம். கரண்ட் தாமதமா, அவன் தாமதமா என்று ஆப் சொல்வதில்லை.

இட்லி மாவு அரைத்தேன். ஒருத்திக்கு அரைப்பதற்கு கிரைண்டரைக் கழுவும் வேலைதான் பெரிது.

செப்டம்பர் 1, திங்கள்

கட்டணம் வந்துவிட்டது. என் போனிலும்! ஆப்பைத் திறந்தால் 'தொடர்ந்து பயன்படுத்த மாதம் ரூ.49' என்று பச்சைப் பெட்டி. மூடித் திறந்தேன், மறுபடி பச்சைப் பெட்டி. நான் அந்தக் கம்பெனியில் பணம் போட்டவள்! என்னிடமே நாற்பத்தொன்பது ரூபாயா?

நித்திலாவைக் கூப்பிட்டு, முதலீட்டாளர்களுக்கு மட்டும் திறந்துவிடச் சொன்னேன்.

"அந்தப் பகுதியில பதிவான எல்லா நம்பரும் ஒரே மாதிரிதான் மேடம். ஒண்ணை மட்டும் திறந்தா கணக்கு தப்பாயிடும். நீங்கதானே ஒருத்தருக்கும் சலுகை வேண்டாம்னீங்க?"

சொன்னேன்தான். போனை வைத்தபிறகு யோசித்தால் சிரிப்பாக வந்தது. ரங்கராஜ் அண்ணன் சொல்லும் ஓசிக் கூட்டத்தில் முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. கட்டவில்லை. கட்ட என்ன அவசியம்?

செப்டம்பர் 3, புதன்

இரண்டு பேர் கட்டியிருக்கிறார்கள். நித்திலா தினமும் மாலையில் பட்டியல் அனுப்புகிறாள். இரண்டும் தெரியாத நம்பர்.

செப்டம்பர் 5, வெள்ளி

கட்டிவிட்டேன்.

காரணம் இருக்கிறது. பரிசோதனை எப்படி நடக்கிறது என்று உள்ளேயிருந்து பார்த்தால்தான் தெரியும். வெளியே நின்று பட்டியலைப் பார்த்து என்ன புரியும்? நாற்பத்தொன்பது ரூபாய் ஒரு பொருட்டா.

செப்டம்பர் 6, சனி

மணி அடிக்கவில்லை. காலை பத்து மணி வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றும் இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

ஆறு பேர் கட்டியாயிற்று. ஆறில் நானும் ஒருத்தி. பட்டியலில் வெறும் போன் நம்பர் மட்டும் இருப்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. நாச்சிமுத்து நம்பர் இல்லை.

போன வருஷம் ஐப்பசியில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் அவன் பெயர் வரவில்லை. ஏதோ வெளியூர் போயிருப்பான் என்று இருந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்தில் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார், டெங்கு வந்து அவிநாசி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தானாம். இப்போது ஆறு நாள்.

அவன் கட்டவில்லை, அதனால் அவனால் அமுக்க முடியாது, அதனால் பெயர் வரவில்லை. இது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் போனை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

ஆரோக்கியம் சம்பளம் முன்பணம் கேட்டார், பெண்ணுக்கு ஃபீஸ் கட்ட. கொடுத்தேன். 

செப்டம்பர் 15, திங்கள்

இன்று ஒரு காரியம் செய்தேன், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆப்பின் உதவி எண்ணுக்குப் போன் செய்து, சாதாரண வாடிக்கையாளர் மாதிரி சண்டை போட்டேன். பணம் கட்டிப் பத்து நாளாயிற்று, ஒரு தகவலும் வரவில்லை, இதென்ன கம்பெனி என்று.

எடுத்த பெண் பொறுமைசாலி. "மேடம், ஆப் நல்லாத்தான் இருக்குதுங்க. அமுக்கறதுக்குத்தான் ஆள் இல்லீங்க."

"ஆள் இல்லைன்னா?"

"முன்னாடி உங்க டிரான்ஸ்பார்மர்ல நாப்பது பேரு இருந்தாங்க. யாராச்சும் ஒருத்தர் பாத்து அமுக்கிருவாங்க. இப்ப கட்டுனது நீங்க ஒருத்தர்தானுங்க மேடம். நீங்க அமுக்குனாத்தான் உங்களுக்கே வரும்."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐந்து பேர் நாலரை மணி நேரம் காபி குடித்துப் பேசினோமே, ஒருவருக்காவது இது தோன்றியதா? கரண்ட் வந்த செய்தியை நித்திலா எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுக்கவில்லை. அந்த 214 பேர்தான் கொடுத்தார்கள். கொடுத்தவர்களை வெளியே நிறுத்தி வாசலில் டிக்கெட் போட்டுவிட்டு, உள்ளே ஏன் கடை காலி என்று கேட்கிறோம்.

இதை நித்திலாவிடம் சொன்னேன். அவளுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டதாம். "தெரியும் மேடம். ஆனா நாலு சதவீதம்னுதானே சொல்லியிருக்கீங்க? கட்டுனவங்களுக்கு உபயோகமா இருந்துச்சான்னு யாரும் கேக்கலையே?"



செப்டம்பர் 18, வியாழன்

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். மழை. மணல் அச்சு உலர நேரமாகிறது. நெட்டாம்பாளையத்தில் மழையா என்று செய்தியில் பார்த்தேன். அந்த ஊரை எந்தச் செய்தியில் சொல்லப்போகிறார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

தூக்கம் சரியில்லை. எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் இறந்த மறு வருஷம் ஃபவுண்டரி படுத்துவிட்டது. எழுபது தொழிலாளிகள். அப்பாவின் நிலத்தில் என் பங்கைக் கேட்டேன். சட்டப்படி என் பங்கு. நாச்சிமுத்து தரமாட்டேன் என்று சொல்லவில்லை. "ரெண்டு வருசம் பொறுக்கா, கெணத்தத் தூரெடுத்திருக்கறன், கடன் தீரட்டும்" என்றான். எனக்கு இரண்டு மாதம்கூட இல்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். பேசிவிட்டு அனுப்பியிருக்கலாம். தபால்காரர் அதை அவனிடம் தோட்டத்தில் வைத்துக் கொடுத்தாராம், ஆட்கள் முன்னால்.

கிணற்றை ஒட்டிய நாலு ஏக்கரை விற்றுப் பணத்தைக் கொடுத்தனுப்பினான். அந்தப் பொங்கலுக்குச் சீர் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு பொங்கல் தவறியதில்லை, கரும்பும் பச்சரிசியும் சேலையும் அவனே சுமந்துகொண்டு வந்து இறக்குவான். அதற்கடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. இப்போது ஏழு.

சட்டப்படி என் பங்குதான். ஃபவுண்டரி பிழைத்தது. ஆரோக்கியத்தின் பெண் படிக்கிறாள். என் மேல் தப்பு என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மாலை ஆறு மணிக்கு நித்திலா போன். குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்து கிடந்தது.

"ஒன்பது மேடம்! இருநூத்திப் பதினாலுக்கு ஒன்பது. நாலு புள்ளி ரெண்டு."

நல்லது என்றேன். 

"மேடம்... அந்த ஒன்பதுல ஒரு நம்பர்..."

"தெரியும்."

"நான் யார்கிட்டயும் சொல்லலை. விதியில முதலீட்டாளர் கட்டக்கூடாதுன்னு எங்கயும் இல்லை. நான் படிச்சுப் பார்த்துட்டேன்."

எட்டு என்றால் மூன்றே முக்கால். கணக்குப் போட எனக்குக் கால்குலேட்டர் தேவையில்லை. நான் போட்ட கோட்டை நான் கட்டிய நாற்பத்தொன்பது ரூபாய் தாண்ட வைத்திருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பதினோரு பேருக்கு வேலை இருக்கும். வாயைத் திறந்தால் இல்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. உலை அணைத்துக் கழுவி, லேத்துக்கும் எடைமேடைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பொரி கடலை வாங்கியது போதவில்லை, மறுபடி ஆள் அனுப்பினேன். ஆரோக்கியம் பூசணிக்காய் உடைத்தார். வருஷா வருஷம் அவர்தான் உடைப்பார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாதிரியாரிடம் சொல்லிவிடுவாராம்.

நித்திலா ஒரு கோப்பு அனுப்பியிருக்கிறாள். பணம் கட்டாதவர்களை அந்த உதவி எண் பெண் கூப்பிட்டுக் காரணம் கேட்டு, பேச்சைக் குரலாகப் பதிவு செய்திருக்கிறாள். முதலீட்டாளர்கள் எல்லோருக்கும் போயிருக்கிறது. ரங்கராஜ் அண்ணன் திறக்கவே மாட்டார். நூற்றுச் சொச்சம் பதிவுகள், ஒவ்வொன்றிலும் பெயர் போட்டிருக்கிறது.

எழுபத்திரண்டாவது பெயர் நாச்சிமுத்து. நான் கேட்க வேண்டிய அவசியமில்லை.

அக்டோபர் 2, வியாழன்

கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"வணக்கங்க சார். நீங்க ரெண்டு வருசமா தினமும் நம்ம ஆப்பைப் பயன்படுத்துனீங்க. இப்ப ஏங்க சார் கட்டலை? வெலை அதிகமுங்களா?"

"வெலையெல்லாம் ஒண்ணுமில்ல அம்மணி. எனக்கு எதுக்கு அது? மோட்டருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு மூணு வருசமாச்சு. கரண்டு வந்தா தன்னால எடுத்துக்கும். நான் கட்டல்ல படுத்துக் கெடந்தாக்கூட ஓடும்."

"அப்புறம் எதுக்குங்க சார் தெனமும் அமுக்குனீங்க?"

 வாய்க்காலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது.

"எங்கக்கா பேரு அதுல இருக்குது அம்மணி. கோயமுத்தூர்ல இருக்குது. தோட்டமில்ல, தொரவில்ல, அதுக்கெதுக்கு கரண்டு வந்த சேதி? ஒருவேள நம்ம பேரத்தான் பாக்குதோ என்னமோன்னு தோணுச்சு. செரி, உசுரோட இருக்கறான்னு தெரிஞ்சுக்கட்டும்னு அமுக்கி உட்டுட்டு காப்பி குடிக்கப் போவன்."

"அதுக்கு மாசம் நாப்பத்தொம்பது ரூபாதானுங்களே சார்."

"நல்லாருக்கறன்னு அக்காளுக்குச் சொல்றதுக்குக் காசு குடுப்பாங்களா அம்மணி? வெக்கட்டுமா, மாடு அவுத்துக்கிச்சு."

ஒரு நாள் விடாமல் பயன்படுத்துகிற ஆள் கட்டாயம் கட்டுவார் என்று கூட்டத்தில் அடித்துச் சொன்னேன். அவன் எதற்குப் பயன்படுத்துகிறான் என்று கேட்டேனா? இரண்டு வருஷம் காலையில் அவன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் நான் பல் விளக்கினேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்தேன். அவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

இன்று வேறு எதுவும் எழுத முடியாது. சாப்பிடவில்லை.

அக்டோபர் 4, சனி

கூட்டம்.

நித்திலா நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். பருத்திப் புடவை கட்டியிருந்தாள், நான் அவளைப் புடவையில் பார்த்ததில்லை. ஒன்பது, நாலு புள்ளி இரண்டு, அறுபத்திரண்டாயிரத்தில் இத்தனை வரும் என்று திரையில் காட்டினாள். டாக்டர் மேசையைத் தட்டினார். ரங்கராஜ் அண்ணன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "செரி, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் நான். ஒன்பதுன்னா ஒன்பதுதான். மேடம், நீங்க சொல்லிட்டா கையெழுத்துப் போட்றலாம்" என்றார்.

நித்திலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க முடியாது.

"எட்டுன்னு எழுதிக்குங்க" என்றேன். "ஒன்பதாவது ஆள் நான்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. டாக்டர்தான் கேட்டார். "நீங்களா? உங்களுக்கு அங்க தோட்டமே இல்லையேங்க?"

"இல்லை. என் தம்பிக்கு இருக்கு. அவன் பேச்சுவார்த்தை நிறுத்தி ஏழு வருஷமாச்சு. காலையில அவன் அமுக்கினா அவன் பேர் என் போன்ல வரும். அதுக்காகக் கட்டினேன்."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், ஆண்கள் நான்கு பேர் முன்னால்! ரங்கராஜ் அண்ணன் தன் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு நான் பேசினேன், பேச வேண்டியதை. ஓசியில் வாங்குகிறவர்கள் என்று நாம் நினைத்தவர்கள்தான் ஓசியில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் டிக்கெட் கேட்டதால் கடையே காலியாகிவிட்டது. இலவசமாக விட்டுவிட்டு, என்னைப் போலப் பம்பு விற்கிறவர்களிடம் விளம்பரத்துக்குப் பணம் கேட்கலாம், ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாம் என்றேன்.

"பொறுக்கலாமுங்க மேடம்" என்றார் ரங்கராஜ் அண்ணன் மெதுவாக. "ஆனா கோடு போட்டது நீங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொன்னதும் நீங்க. இப்ப உங்க தம்பிக்காகக் கோட்ட அழிச்சா, நாளைக்கு என்ற மருமவனுக்காக நானும் அழிப்பன். வேண்டாமுங்க."

அவர் சொன்னது நியாயம். இரண்டு வருஷம் பொறு என்று கேட்டவனுக்கு நான் நோட்டீஸ் அனுப்பியவள். யாரிடம் போய்ப் பொறுக்கச் சொல்வது?

மூன்றுக்கு இரண்டு. பணம் இல்லை என்று முடிவாயிற்று. டாக்டரும் நானும் தோற்றோம். டாக்டரின் நண்பரே கட்சி மாறிவிட்டார்.

கார் நிறுத்தும் இடத்தில் நித்திலா நின்றாள். "சொல்லாம இருந்திருக்கலாம் மேடம். பதினோரு பேரு."

"பொய் நம்பர்மேல உன் கம்பெனியைக் கட்டி எழுப்பச் சொல்றியா?"

"நீங்க பொய்யே இல்லை மேடம். அந்த ஒன்பது பேர்ல உண்மையாவே காசு கொடுத்து வாங்கணும்னு நெனச்ச ஒரே ஆள் நீங்கதான்."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். 

அக்டோபர் 7, செவ்வாய்

நித்திலா என் போனை எடுக்கவில்லை. எல்லாப் பயனாளர்களுக்கும் ஒரு அறிவிப்பு அனுப்பியிருக்கிறாள்: அக்டோபர் 31 வரை எல்லோருக்கும் இலவசம், அதன்பிறகு சேவை இல்லை, இதுவரை அமுக்கிய எல்லோருக்கும் நன்றி.

அக்டோபர் 8, புதன்

6.45. வந்தாச்சு – நாச்சிமுத்து.

அக்டோபர் 13, திங்கள்

7.00. வந்தாச்சு – நாச்சிமுத்து.

தம்பிக்குப் போன் செய்ய என்ன தடை என்று யாராவது கேட்டால் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நம்பர் இருக்கிறது. அமுக்கினால் மணி அடிக்கும். எடுத்து, எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டால்? காலையில் பெயர் வந்தால் போதும், அதில் கேள்வி இல்லை.

உதவி எண் பெண்ணுக்கு நம் ஆபீசில் வேலை கொடுத்தேன். பெயர் எழிலரசி, ஊர் திருச்செங்கோடு. நித்திலாவின் ஆட்களில் என்னால் எடுக்க முடிந்தது ஒருவரைத்தான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. புனேயிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். விடிந்ததிலிருந்து காத்திருந்தேன், 8.30க்கு வந்தது அவன் பெயர். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து அமுக்கியிருப்பான். போனைக் கையில் எடுத்தேன். நம்பர் வரை போனேன். மகள் மறுபடி கூப்பிட்டாள், வைத்துவிட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

நித்திலா செய்தி அனுப்பினாள். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டதாம். 'உங்க மேல கோபம் இல்லை மேடம்' என்று எழுதியிருந்தாள். இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அக்டோபர் 31, வெள்ளி

6.55. வந்தாச்சு – நாச்சிமுத்து.

நாளையிலிருந்து வராது.

நவம்பர் 1, சனி

ஏழு மணிக்கு ஆப்பைத் திறந்தேன். வெள்ளைத் திரை. ஏழரைக்கும் வெள்ளைத் திரை. எட்டு மணிக்கு இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அவன் நம்பரை அமுக்கினேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுக்கா."

பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். என்ன சொல்வது என்று தெரியாமல், "ஆப்பை மூடிட்டாங்க" என்றேன்.

"ஆமா. காத்தால அமுக்கிப் பாத்தன், ஒண்ணும் ஆகல."

"செப்டம்பர்ல காசு கேட்டாங்கல்ல. நீ கட்டலை. நான் கட்டினேன். உன் பேர் வரும்னு கட்டினேன், வரலை."

"நீ கட்டுனயா? எத்தன?"

"நாப்பத்தொன்பது ரூபா."

 வைத்துவிட்டானோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"ஏங்க்கா," என்றான், "போன் போட்டிருந்தா ஓசிதான?"

கோபமாகத்தான் கேட்டான். ஏழு வருஷக் கோபமும் அதில் இருந்தது. ஆமாண்டா என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் வைக்கவில்லை, நான் அழுது முடிக்கும்வரை அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.